மாமாது சுமந்த பெட்டி

ஜூலை 14

இன்று பிரான்சின் தேசியத் திருநாள். கடற்கரைப் பக்கமிருந்து காலையிலேயே பேண்டு வாத்தியம் கேட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் எல்லாம் கோட்டு மாட்டி, மெடல் குத்திக்கொண்டு அணிவகுத்துப் போவார்கள். என் வீட்டுக்காரர் இவரும் வருடா வருடம் போவார். பட்டாளத்தில் இருந்தவர் இல்லை, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர்தான். ஆனாலும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓரமாக நின்று அந்த நாட்டுத் தேசிய கீதத்தை முழுசாகப் பாடிவிட்டு, வரும் வழியில் ரொட்டி வாங்கிக்கொண்டு வருவார். இந்த வருடம் ரொட்டி இல்லை. இவரை உப்பளம் கல்லறையில் வைத்துவிட்டு வந்து இன்னும் இரண்டு வாரம் ஆகவில்லை.

இந்த டைரி வங்கிக்காரர்கள் இவருக்குக் கொடுத்தது. ஜனவரியிலிருந்து ஒரு பக்கம்கூட எழுதாமல் அப்படியே வைத்திருந்தார். வீணாகப் போக வேண்டாம் என்று எடுத்தேன்.

மதியம் மெட்ராஸிலிருந்து அரங்கநாயகம் வந்தார். இவர் மொழிபெயர்த்த புத்தகங்களையெல்லாம் போட்ட வெள்ளோட்டம் பதிப்பகத்துக்காரர். நிஜமாகவே அழுதார். காபியைக் குடித்து முடித்த பிறகுதான் பேச்சை எடுத்தார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. 'மணல் ஏரி' எந்த அளவுல இருக்கு? கிறிஸ்துமஸுக்கு வருதுன்னு விளம்பரம் குடுத்தாச்சு. பாதியில நிக்குதுன்னா சொல்லிடுங்க. மெட்ராஸ்ல ஒரு புரொபசர் இருக்காரு, மிச்சத்த அவர்கிட்ட குடுத்துடலாம்."

"முடிச்சுட்டுத்தான் போனாரு. நல்ல பிரதி எடுக்கிறதுதான் பாக்கி. அதை நான் எடுத்துத் தரேன்" என்றேன்.

முடிக்கவில்லை. பாதியில்தான் நிற்கிறது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒருவேளை அந்தப் புரொபசர் மேல் கோபமாக இருக்கும், அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

ஜூலை 15

குழாயில் தண்ணீர் இல்லை. தெருமுனையிலிருந்து ஒரு குடம் கொண்டுவருவதற்குள் முழங்கால் போய்விட்டது. வழியெல்லாம் குடத்தைத் திட்டிக்கொண்டே வந்தேன். தூக்குகிற சாமானோடு பேசுகிற வழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்து உண்டு. திட்டினால் கனம் கொஞ்சம் குறைகிறது.

ஜூலை 20

இந்த டைரியை யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன். இவருக்குத் தமிழ் எழுத வராது.

பேசுவார், நன்றாகவே பேசுவார். ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் முதல் வகுப்பிலிருந்து பிரெஞ்சிலேயே படித்தவர். தமிழில் கையெழுத்துப் போடுவார், சுவரொட்டி படிப்பார், அதற்கு மேல் கை ஓடாது. புதுச்சேரியில் இப்படிப்பட்டவர்கள் இவர் ஒருத்தர் மட்டும் இல்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அதனால் எங்கள் வேலை இப்படித்தான் நடக்கும். நாலு மணி காபிக்குப் பிறகு இவர் பிரம்பு நாற்காலியில் பிரெஞ்சுப் புத்தகத்தோடு உட்காருவார். ஒரு பக்கத்தைத் தனக்குள் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, அந்தப் பக்கத்தில் நடந்ததை எனக்குப் பேச்சுத் தமிழில் சொல்லுவார். நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத்துத் தமிழில் எழுதுவேன். நான் பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தவள், அதனால் எனக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. வாயில் ஒரு கிராம்பை இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் போதும், கை தானாக ஓடும். மொழிபெயர்ப்பு இவருடையது. இவர் சொன்னதை நான் எழுதினேன், அவ்வளவுதான்.

புத்தக அட்டையில் 'தமிழில்: தனிஸ்லாஸ்' என்று இருக்கும். பின்னட்டையில் அரங்கநாயகம் ஒவ்வொரு முறையும் ஒரே வாசகத்தைப் போடுவார்: மூலத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட அசைக்காத மொழிபெயர்ப்பாளர். அதைப் படிக்கும்போதெல்லாம் இவர் கண்ணாடியைத் துடைப்பார்.

ஜூலை 27

'மணல் ஏரி' எதுவரை வந்திருக்கிறது என்று எடுத்துப் பார்த்தேன். சரியாகப் பாதி.

ஒக்தாவ் தெலூர்ம் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய சாகச நாவல். எழுதி முடிப்பதற்குள் ஆள் போய்விட்டார். அவர் மகன் ரெமி அப்பாவின் காகிதங்களை ஒழுங்குபடுத்தி வெளியிட்டாராம். ஆப்பிரிக்கா பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த காலத்தில் நடக்கிற கதை. பாலைவனத்துக்கு நடுவில் காணாமல்போன ஒரு ஏரியைத் தேடிக் கேப்டன் ப்ரிவால் புறப்படுகிறார். கூட அவர் மகள் ஒதேத், ஒரு லெப்டினன்ட், பிறகு அறுபது சுமைக்காரர்கள். அந்த ஊர் ஆட்கள். கூலிக்கு வந்தவர்கள் பாதி, பிடித்துவரப்பட்டவர்கள் பாதி.

கேப்டனையும் மகளையும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தவன் மாமாது. அளவெடுக்கும் கருவிகள் இருக்கிற மரப்பெட்டியைத் தலையில் சுமப்பவன். ஒரு மரப்பட்டையைக் கன்னத்தில் ஒதுக்கி மென்றுகொண்டே நடப்பான். கூடாரம் அடிக்கும் நேரத்தில் ஒவ்வொரு நாளும் கேப்டனிடம் வந்து, "இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று கேட்பான். கேப்டன் ஒவ்வொரு நாளும் "கொஞ்சம்தான்" என்பார். மாமாது தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுப்பான். மறுநாள் மறுபடியும் கேட்பான்.

இவர் கடைசியாகச் சொன்ன இடம் வற்றிப்போன கிணறு. கேப்டன் எல்லோரையும் மேலே நடக்கச் சொல்கிறார். மாமாது மட்டும் பெட்டியோடு கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி, "மிச்சம் நாளைக்கு மேரி" என்றார்.

அன்று ராத்திரி இவருக்கு நெஞ்சு வலித்தது.

ஆகஸ்ட் 4

முப்பதாம் நாள் பூசை. நெல்லித்தோப்புக் கோயிலில் கூட்டம் இருந்தது. இவரிடம் பிரெஞ்சு படித்தவர்கள், சொல்தாக்கள், அரங்கநாயகம் அனுப்பிய மாலை. வீட்டில் எல்லோருக்கும் பிரியாணி. மதலேன்தான் எல்லாம் பார்த்துக்கொண்டாள். இவர் தங்கை, பக்கத்துத் தெரு. நர்சாக இருந்து ரிட்டயர் ஆனவள், அதனால் யாரையும் உட்கார விட மாட்டாள், என்னை மட்டும் நிற்க விட மாட்டாள்.

"அண்ணி, அழணும்னா அழுதுடுங்க. உள்ளயே வெச்சுக்கினு இருந்தா பிரஷர் ஏறும்."

"எனக்கென்ன அழுகை. பாத்திரம் கெடக்குது" என்றேன்.

பாத்திரம் நிஜமாகவே கிடந்தது.

ஆகஸ்ட் 6

நாலு மணிக்குக் காபி போட்டேன். பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளர்.

பிறகு பிரெஞ்சுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் இவர் கையில் இருந்த புத்தகத்தை நான் என் கையில் எடுத்தது இல்லை. பிரெஞ்சு எனக்குக் கொஞ்சம் தெரியும், கல்யாணமான புதிதில் இவர் சொல்லிக்கொடுத்தது. கடையில் விலை கேட்க முடியும், கான்சுலேட்டில் பேசினால் புரியும். நாவலுக்கு அது போதாது. அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் பத்து வரி வந்தது. கிராம்பும் உதவவில்லை.

ஆகஸ்ட் 15

கொடி, மிட்டாய், மாதா தேர். வேலை ஓடவில்லை.

ஆகஸ்ட் 24

கொஞ்சம் பழகிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், நல்ல நாளாக இருந்தால் ஒன்றரை. கண் எரிகிறது. மதலேன் தினமும் வந்து, "இன்னா அண்ணி, எழுதிக்கினே கெடக்கறீங்க" என்கிறாள். நல்ல பிரதி என்றேன். அவளுக்கு அண்ணன் தமிழ் எழுத மாட்டார் என்று தெரியும். சங்கரா மீன் குழம்பை வைத்துவிட்டுப் போனாள்.

நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைதான் முதுகு வலி தெரியாமல் இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் வீடு பெரிதாகத் தெரிகிறது. துணி உலர்த்த வேண்டும், மண்ணெண்ணெய் வாங்க வேண்டும், பென்ஷன் ஆபீசுக்கு எழுத வேண்டும். எதையும் செய்யத் தோன்றவில்லை, ஆனாலும் எல்லாம் செய்தாகிறது.

ஆகஸ்ட் 31

எனக்கு இந்த ரெமி மேல் எரிச்சல் வந்துகொண்டிருக்கிறது.

கிணற்றடிக்குப் பிறகு மாமாதுவைக் காணோம். கேப்டன் நடக்கிறார், ஒதேத் நடக்கிறாள், லெப்டினன்ட் அவள் பக்கத்தில் நடக்கிறான். சுமைக்காரர்கள் வெறும் சுமைக்காரர்களாக இருக்கிறார்கள். 'இருவர் தாகத்தால் விழுந்தனர்.' 'நால்வர் இரவில் ஓடிவிட்டனர்.' யார் விழுந்தது, யார் ஓடியது என்று ஒரு வார்த்தை இல்லை. முதல் பாதியில் எத்தனை பேர் இருந்தார்கள்! உப்புக்காகச் சண்டை போட்ட அண்ணன் தம்பி, ராத்திரியில் பாடுகிற கிழவன், மாமாது. அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டு நடக்க வைத்தவர்களை மகன் பாலைவனத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டான். இங்கேதான் அப்பாவின் எழுத்து முடிந்து மகனின் எழுத்து ஆரம்பிக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

எங்களுக்கு மகன் இல்லை. இருந்தால் இப்படித்தான் செய்திருப்பானோ என்னவோ.

செப்டம்பர் 8

வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிறவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்திருப்பார்கள். நான் இன்னும் பாலைவனத்தில் இருக்கிறேன். மாமாது வரவில்லை.

செப்டம்பர் 12

ரெமி எழுதிய முன்னுரையை இன்று தமிழாக்கினேன். ஒன்றரைப் பக்கம். அதில் இப்படி இருக்கிறது: 'என் தந்தையின் தாள்களை வரிசைப்படுத்தியதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை. இந்நூலில் என்னுடைய வரி ஒன்றுகூட இல்லை.'

சத்தமாகச் சிரித்துவிட்டேன். இந்த வீட்டில் சிரித்து வெகு நாள் ஆகிறது.

செப்டம்பர் 19

அரங்கநாயகம் போன் செய்தார். பக்கத்து வீட்டு ஹாலில் நின்றுகொண்டு பேச வேண்டியிருந்தது.

"அம்மா, நல்ல பிரதி எப்படிப் போகுது? இன்னொரு யோசனை. அந்த மகன் எழுதின மாதிரி நீங்க ஒரு முன்னுரை எழுதிக் குடுங்க. சார் முடிச்சு வெச்சாரு, நான் பிரதி எடுத்தேன், வேற ஒண்ணும் செய்யலைன்னு நாலு வரி போதும். ரொம்ப உருக்கமா இருக்கும். அப்புறம் அந்தப் புரொபசர் மூலத்தோட வரிக்கு வரி ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதித் தரேன்னு ஒத்துக்கிட்டாரு. நம்ம சாருக்கு அது பெரிய கௌரவம்."

"சரி" என்றேன். பக்கத்து வீட்டம்மா காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். வேறு என்ன சொல்வது.

ஒப்பிட்டால் இரண்டாம் பாதியில் என் பிரெஞ்சு நாறிவிடும் என்று பயமாக இருக்கிறது. திரும்ப ஒருமுறை திருத்த வேண்டும்.

செப்டம்பர் 26

நாவலை முடித்தேன். ஏரி கிடைக்கிறது, ஆனால் தண்ணீர் இல்லை, வெறும் உப்புப் படுகை. கேப்டன் அதில் கொடியை நட்டு அழுகிறார். கடைசி அத்தியாயத்தில் பாரிஸில் கல்யாணம், விருந்து, நடனம்.

மாமாது கடைசி வரை வரவில்லை.

செப்டம்பர் 28

எழுதத் தெரியாமல் எழுதுகிறேன்.

மாமாதுவின் பெட்டி என்ன மரம் என்று நான் ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் வேறு மாதிரியும் எழுதியிருந்தேன். எது சரி என்று பார்க்கப் பிரெஞ்சுப் புத்தகத்தின் முதல் பாதியை எடுத்தேன். அதை நான் படித்ததே இல்லை. அது இவர் சொல்ல நான் கேட்ட பாதி.

பெட்டி இருக்கிறது. அதைச் சுமக்கிற ஆள் இல்லை. 'கருவிப் பெட்டி கறுப்பர்களில் ஒருவனிடம் கொடுக்கப்பட்டது.' அவ்வளவுதான்.

அடுத்த அத்தியாயம் பார்த்தேன். அதற்கு அடுத்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை முதல் பாதி முழுவதையும் விரலை வைத்துத் தேடினேன். மாமாது இல்லை. உப்புச் சண்டை இல்லை. பாடுகிற கிழவன் இல்லை. வற்றிய கிணறு இருக்கிறது, ஆனால் அங்கே யாரும் உட்காரவில்லை. 'இன்னும் எவ்வளவு இருக்கு' என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. செத்துப்போன அப்பாவும் அவர்களுக்குப் பெயர் வைக்கவில்லை. மகன்மேல் நான் பட்ட கோபமெல்லாம் வீண்.

எல்லாம் இவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாரே, அப்போது சேர்த்தது.

செப்டம்பர் 29

சமைக்கவில்லை.

அக்டோபர் 3

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். முதல் அத்தியாயத்தில் இவர், "ஒரு ஆள் பெட்டியத் தூக்கிக்கினு வரான்" என்றார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டு, "பேர் என்னா?" என்று கேட்டேன். டீச்சராக இருந்த பழக்கம், பெயர் தெரியாமல் ஒருத்தரை வகுப்பில் உட்கார வைக்க முடியாது. இவர் பக்கத்தைப் புரட்டினார், கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு "மாமாது" என்றார். புத்தகத்தில் பார்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மற்றப் புத்தகங்களிலும் இப்படித்தான் எத்தனை பேர் வந்திருப்பார்களோ. அலமாரியில் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. எடுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கோபமும் வருகிறது. காற்புள்ளியைக்கூட அசைக்காதவர்!

அக்டோபர் 6

முடிவு செய்துவிட்டேன். புரொபசர் வரிக்கு வரி ஒப்பிடப்போகிறார். மாமாது இருந்தால் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார். இவர் பெயர் மண்ணாகப் போய்விடும். ஆள் இருந்தாலாவது ஏதாவது சமாளித்துப் பேசுவார், இல்லாத ஆளை என்ன வேண்டுமானாலும் சொல்லுவார்கள். கையெழுத்துக் கட்டு முழுக்க என்னிடம்தான் இருக்கிறது. மாமாதுவை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

வகுப்பில் திருத்த வைத்திருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தேன். முதல் அத்தியாயத்தில் ஏழு இடம் அடித்தேன். மரப்பட்டை மெல்லுவதை அடித்தேன். பெட்டியைத் தலையில் ஏற்றும்போது, 'வாடா கழுதை, உன்னைச் சுமக்கத்தான் என் அம்மா என்னைப் பெற்றாளா' என்று அதைத் திட்டுவானே, அதையும் அடித்தேன். அடிக்க அடிக்கக் கை வலித்தது.

அக்டோபர் 9

மழை ஆரம்பித்துவிட்டது. கூடத்தில் ஒரு இடம் ஒழுகுகிறது. பாத்திரம் வைத்திருக்கிறேன்.

மதலேன் குடையோடு வந்தாள். நான் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துக் கொட்டப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் மேஜையில் கிடந்த தாள்களைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னா சிரிப்பு?"

"ஏன் அண்ணி இதையெல்லாம் அடிச்சு வெச்சுருக்கீங்க? இதான நல்லா இருக்குது."

"அது தேவையில்லாதது. புத்தகத்துல இல்ல."

"புத்தகத்துல எப்படி இருக்கும்?" என்றாள். "இப்ப அந்தப் பாத்திரத்தத் தூக்கிக்கினு போம்போது என்னா சொல்லிக்கினே போனீங்க?"

"என்னா சொன்னேன்?"

"'வா கழுதை, உனக்கு வேற வீடு கெடைக்கலியா'ன்னீங்க. வாய்ல இன்னா?"

கிராம்பு.

"தெனமும் சாயங்காலம் எங்க அண்ணன்கிட்ட வந்து 'இன்னும் எவ்ளோ இருக்கு'ன்னு நிப்பீங்களே. அது ஒவ்வொரு நாளும் 'கொஞ்சம்தான்'னு ஏமாத்தும். நான் எத்தனை நாள் பாத்திருக்கேன். அண்ணி, இவன் நீங்கதானே?"

"பைத்தியம் மாதிரிப் பேசாத. நான் எங்க, ஆப்பிரிக்கா எங்க" என்றேன். காரப்பொடி மீன் வாங்கி வைத்திருந்தேன். கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கொல்லைப்புறத்தில் மழை கொட்டுகிறது என்பதுகூட நினைவில் இல்லை. நனைந்துகொண்டே மீன் கழுவினேன். மதலேன் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். நல்லவள்.

அக்டோபர் 10

சளி. காய்ச்சல் இல்லை. மதலேன் சொன்னது சுத்த உளறல்.

அக்டோபர் 13

சிவப்பு அடித்த பக்கங்களையெல்லாம் திரும்ப எழுதினேன். ஒன்றையும் விடவில்லை.

மாமாதுவை இவர் கிணற்றடியில் உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 'மிச்சம் நாளைக்கு' என்று சொன்னவருக்கு அந்த மிச்சம் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. புத்தகத்தில் பார்க்கவும் வழி இல்லை. தெலூர்முக்கு ஒரு மகன் இருந்தான், நன்றாகவோ மோசமாகவோ முடித்து வைத்தான். மாமாதுவுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

அக்டோபர் 17

நாலு நாளாக அவனைக் கிணற்றடியிலிருந்து எழுப்பப் பார்க்கிறேன். கேப்டன் திரும்பி வந்து கூப்பிடுகிற மாதிரி எழுதினேன், கேப்டன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஒதேத் தண்ணீர் கொடுக்கிற மாதிரி எழுதினேன், சினிமாவாகப் போய்விட்டது. கிழித்துப் போட்டேன். இடுப்பு விட்டுப்போகிறது. இந்த வயதில் இது எனக்குத் தேவையா.

அக்டோபர் 21

இன்று எழுந்துவிட்டான். யாரும் கூப்பிடவில்லை. பெட்டியைத் திட்டிக்கொண்டு தானாகவே எழுந்தான்.

எல்லோருக்கும் கடைசியாகப் பெட்டியோடு ஏரிக்கு வந்து சேர்கிறான். கேப்டன் கொடியை நட்டு அழுதுகொண்டிருக்கிறார். அளப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை, பெட்டியை யாரும் கேட்கவில்லை. மாமாது அதை உப்பின்மேல் மெதுவாக இறக்கி வைக்கிறான். அன்றைக்கு மட்டும் 'இன்னும் எவ்வளவு இருக்கு' என்று கேட்கவில்லை. தன் ஊர் எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியும், திரும்பி நடக்கிறான். அவனுக்கு முன்னால் யாரும் போகாத முதல் நடை அதுதான். ஊரில் அவன் மனைவி, "அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு?" என்று கேட்கிறாள். "உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. கனம் தெரியும்" என்கிறான்.

இதை எழுதிவிட்டு அழுதேன். நன்றாகவே அழுதேன், சத்தம் போட்டு. எதற்கு மறைப்பது, இவர் இல்லாமல் எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

அக்டோபர் 22

முன்னுரை எழுதினேன். காலையிலேயே எழுதி முடித்துவிட்டேன், ஒரு வரி அடிக்கவில்லை.

'இந்தப் புத்தகத்தை என் கணவர் தனிஸ்லாஸ் பிரெஞ்சில் படித்து வாயால் சொன்னார், நான் தமிழில் எழுதினேன். எங்கள் எல்லாப் புத்தகங்களும் அப்படி வந்தவைதான். பாதியில் அவர் இறந்துவிட்டார், மீதியை நானே படித்து எழுதினேன். என் பிரெஞ்சு சுமார், பிழைகள் என்னுடையவை. மூலத்தில் மாமாது என்று யாரும் இல்லை. அவனுக்குப் பெயர் வைத்து நடக்க விட்டவர் என் கணவர், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் தேடி அலைய வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.'

கட்டைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். வரும்போது ரொட்டி வாங்கினேன்.

அக்டோபர் 28

எதிர்பார்த்தபடி போன் வந்தது. அரங்கநாயகம்தான்.

"அம்மா, இந்த முன்னுரை வேணாமே. சாரோட பேர் கெட்டுடும்."

"ஏன் கெடணும்? அவர் செஞ்சதத்தான் எழுதியிருக்கேன்."

"காற்புள்ளிகூட அசைக்காதவர்னு நானே போட்டிருக்கேனேம்மா."

"அது நீங்க போட்டது. அட்டையில ரெண்டு பேர் பேரும் போடுங்க. கெட்டா ரெண்டு பேர் பேரும் சேந்தே கெடட்டும்."

பக்கத்து வீட்டம்மா டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டாள். குறைக்கட்டும். நான் இதுவரை யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை.

"முழுசாப் படிச்சுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 31

பதில் இல்லை. மழை. ஒழுகுகிற இடம் இரண்டாகிவிட்டது.

நவம்பர் 1

அரங்கநாயகத்திடமிருந்து தந்தி. தந்தி என்றதும் மதலேன் பயந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

'படித்தேன். இரண்டு பெயரும் போடுகிறேன். புரொபசர் கட்டுரை வேண்டாம். மாமாது மனைவிக்குப் பெயர் இல்லை. உடனே அனுப்பவும்.'

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். உப்பளத்தில் மழை விட்டிருந்தது. ஊரே அங்கேதான். மதலேன் செவ்வந்தி மாலையும் மெழுகுவர்த்தியும் எடுத்து வந்தாள். நான் சிமெண்டைக் கழுவிவிட்டேன். கல் இன்னும் வைக்கவில்லை, சின்னப் பலகைதான் இருக்கிறது. பக்கத்துக் குழிக்காரர்கள் பாயே விரித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பெயர் வைப்பது எப்போதும் இவர் வேலை. பழக்கத்தில், "மாமாது பொண்டாட்டி பேர் என்னா?" என்று கேட்டுவிட்டு நின்றேன். மெழுகுவர்த்தி காற்றில் அணைந்தது. மதலேன் மறுபடி ஏற்றினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானே கும்பா என்று வைத்தேன். நாளைக்குக் காலையில் தபாலில் போட வேண்டும்.

அப்புறம் இன்னொரு செய்தியையும் இவரிடம் சொன்னேன், அட்டையில் என்ன வரப்போகிறது என்று. 'தமிழில்: தனிஸ்லாஸ், அடைக்கலமேரி.' என் முழுப் பெயரைச் சொல்லும்போது எனக்கே யாரையோ சொல்வது போல இருந்தது.

புறப்படும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது. சேறு வேறு. மதலேன் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வரிசை தாண்டியிருப்பேன், வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"கொஞ்சம்தான் அண்ணி" என்றாள் மதலேன். "அதோ, கேட் தெரியுது பாருங்க."

தெரிந்தது. முழங்காலைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.